நாற்பத்து நான்காம் சாவு

1

போன செவ்வாய்க்கிழமை ரொட்டிக் கடைக்குப் போய்விட்டு மூன்று மாடி ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். லிஃப்ட் கெட்டுப் பல வாரமாகிறது. கடிதம் எழுதினேன். பதில் வந்தது, லிஃப்ட் வரவில்லை. கதவைத் திறக்கும்போதே உள்ளே தொலைபேசி அடித்தது. படக் கம்பெனியின் அலுவலகப் பெண்.

கண்டனூரில் எடுத்த ஒப்பாரிக் காட்சிக்கு ஏழு பெண்களிடம் ஒப்பந்தம் வாங்கியிருக்கிறோம், ஒலிப்பதிவில் எட்டுக் குரல் இருக்கிறது, எட்டாவது பெண்ணின் பெயரும் கையெழுத்தும் வேண்டும் என்றாள். கையெழுத்தில்லாத குரலை இந்த நாட்டில் படத்தில் வைக்கக் கூடாதாம். அன்றைக்கு அந்தப் பெண்களுக்கு மொழிபெயர்த்தவன் நான் என்பதால் என்னைப் பிடித்தாள்.

ஏழு பேர்தான், நானே எண்ணினேன் என்றேன்.

"நாங்களும் எண்ணினோம், ஐயா" என்றாள்.

அதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. எழுதிவிட்டாலாவது தெளிவு வருமா என்று பார்க்கிறேன்.

ஊர்க்காரர்களில் பலருக்கு என்னைத் தெரியாது. கண்டனூர் விவசாயக் குடும்பம். காரைக்குடியில் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருந்த பாண்டிச்சேரிப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவன். வயது எழுபத்தாறு. பாரீஸ் நகரத்துக்குக் கிழக்கே, மார்ன் ஆற்றை ஒட்டிய குடியிருப்பில் இருக்கிறேன். இங்கே ஆறு பாசி நிறத்தில், சத்தமில்லாமல் போகும். அதன் கரையில் ஒரு காலத்தில் படப்பிடிப்புக் கூடங்கள் இருந்தன. அவற்றுக்குத் துணிமணி கொடுத்த கிடங்கில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன்.

2

நாம் சரித்திர சாகசப் படம் என்று சொல்வதை இங்கே 'அங்கியும் வாளும்' என்பார்கள். அரசனுக்கு ஆபத்து, அரசியிடம் ஒரு ரகசியம், இறகு வைத்த தொப்பிக்காரர்கள், குதிரைகள், மாடிப்படியில் கத்திச் சண்டை, கொத்துவிளக்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு தப்பிக்கும் கதாநாயகன். பிரெஞ்சுக்காரர்களுக்கு அந்தப் படங்கள் என்றால் உயிர். நடுவில் கொஞ்ச காலம் யாரும் தொடவில்லை. இப்போது மறுபடியும் பெரிய பணம் போட்டு எடுக்கிறார்கள்.

அந்தப் படங்களை எடுத்தவர்கள் என்று நடிகர்களையும் இயக்குநர்களையும் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தவர்கள் வேறு ஆட்கள். புது லேஸ் கழுத்துப்பட்டியைத் தேநீரில் வேகவைத்துப் பழசாக்கும் ஒரு அம்மாள். புதுப் பூட்ஸைச் செங்கலால் தேய்க்கும் ஒருவர். குதிரையிலிருந்து விழுவதையே பிழைப்பாக வைத்திருந்து, கடைசியில் நாற்காலியிலிருந்து எழவே இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்த இன்னொருவர். அவர்கள் பெயர் படத்தின் கடைசியில் வேகமாக ஓடும் எழுத்தில் இருக்கும், அல்லது இருக்காது.

என் பொறுப்பில் அறுநூற்றுப் பதினான்கு மேலங்கிகள், இருநூற்று எண்பது தொப்பிகள். ஒவ்வொரு அங்கியின் கழுத்து உட்புறத்திலும் அதை அணிந்த நடிகரின் பெயரைத் துணித்துண்டில் எழுதித் தைத்திருப்பார்கள். அடுத்த படத்தில் வேறு ஆள் போட்டால் பழைய பெயரைப் பிரிக்க மாட்டார்கள், அதன்மேலேயே புதுப் பெயரைத் தைப்பார்கள். ஒரே அங்கியில் ஐந்து பெயர் வரை பிரித்துப் பார்த்திருக்கிறேன். மேலே இருப்பவர் அநேகமாக உயிரோடு இருப்பார். கீழே போகப் போக அப்படிச் சொல்ல முடியாது. மழைக்காலத்தில் கிடங்குக்குள் நுழைந்தால் அத்தனை அங்கிகளிலிருந்தும் வியர்வை வாடை கிளம்பும். துவைத்தாலும் போகாது. யாருடைய வியர்வை என்றும் தெரியாது.

ஒரு நாள், வட ஆப்பிரிக்க மூர் இனத்துக் காவலனாக நிற்க வேண்டிய ஆள் வரவில்லை. என் நிறத்தைப் பார்த்தார்கள், தலைப்பாகையைச் சுற்றிவிட்டார்கள். அன்று மாலையே ஒரு பிரபு என்னை வாளால் குத்தினார். அப்படி ஆரம்பித்தது. துருக்கிக் காவலன், கடற்கொள்ளைக்காரன், ஜிப்ஸி, பாரசீகத் தூதரின் குடைக்காரன் என்று எல்லாமாகவும் இருந்தேன். எந்த வேடத்துக்கும் பெயர் கிடையாது, எல்லா வேடத்திலும் சாவு உண்டு. வாளால் இருபத்தொன்பது, துப்பாக்கியால் எட்டு, மதிலிலிருந்து விழுந்து நான்கு, தண்ணீரில் ஒன்று, விஷத்தில் ஒன்று. ஆக நாற்பத்து மூன்று. ஒரே படத்தில் முதல் நாள் ஒரு தடவையும் மறுநாள் ஒரு தடவையும் செத்திருக்கிறேன். தலைப்பாகையை மாற்றிக் கட்டினால் வேறு ஆள்.

சாகக் கற்றுக்கொடுத்தவர் லூசியன் என்ற வாள் வாத்தியார். நரைத்த மீசை, வளைந்த கால். "சாவது சுலபம், செத்த பிறகு இருப்பதுதான் வேலை" என்பார். விழுவதற்கு முன் மூச்சை வெளியே விட்டுவிட வேண்டும். முழங்கையை வயிற்றோடு ஒட்டி மடக்கிக்கொண்டால் மூச்சு ஏறி இறங்குவதை அங்கி மறைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, எதையாவது எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். எண்ணுகிறவன் அசைய மாட்டான். மெழுகுவர்த்தியை எண்ணு, குதிரைக் குளம்பை எண்ணு, கண் மூடியிருந்தால் பேசுகிற குரல்களைக் காதால் எண்ணு என்பார். என் எண்ணும் வியாதி அங்கே பிடித்தது. என் மனைவி கடைசிவரை அதற்காக என்னைத் திட்டினாள்.

லூசியன் இறந்தபோது பெட்டியை மூடுவதற்கு முன் போய்ப் பார்த்தேன். அவர் சரியாகச் செய்யவில்லை என்று தோன்றியது. முழங்கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. யாராவது மறுபடியும் எடுக்கச் சொல்வார்கள் என்று கொஞ்ச நேரம் காத்து நின்றேன்.

3

கூட்டத்தில் சும்மா நிற்பவனுக்கு ஒரு சம்பளம், முகம் தெரியும்படி செத்தால் அதற்கு மேலே ஒரு படி. அந்த மேல்படிக்குச் சம்பளச் சீட்டில் போடும் பெயர் 'சிலுவெத்'. நிழலுரு என்று அர்த்தம். ஓய்வூதிய அலுவலகத்தில் ஒரு பெண் கணினியைப் பார்த்து, நீங்கள் இத்தனை நாள் கிடங்கு ஊழியராகவும் நாற்பத்து மூன்று நாள் நிழலுருவாகவும் இருந்திருக்கிறீர்கள், ஆனால் மூன்று நாளுக்கு ஆதாரம் இல்லை என்றாள். அந்த மூன்று நாளையும் தேடி நாலு தடவை அலைந்தேன். இன்னும் கிடைக்கவில்லை.

இந்த ஊரில் வயது ஏறினால் தபால் பெட்டியில் சாவு விளம்பரம் வர ஆரம்பிக்கும். உங்கள் இறுதிச் சடங்கை நீங்களே முன்கூட்டி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், பிள்ளைகளுக்குச் சிரமம் வைக்காதீர்கள் என்று. என் மகன் அருள் லியோனில் என்ஜினீயர். ஞாயிற்றுக்கிழமைகளில் கைபேசியில் முகம் காட்டுவான். பேரப்பிள்ளைகள் பின்னால் ஓடுவார்கள், என்னைப் பார்த்துக் கையசைப்பார்கள், அவ்வளவுதான். போன வருடம் அவன்தான் அதற்கு நிரப்பித் தர வேண்டிய பாரத்தை வரவழைத்தான். நல்ல பிள்ளை, அப்பாவிடம் தமிழில்தான் கேட்க வேண்டும் என்று யோசித்து யோசித்துக் கேட்டான்: "அப்பா, உங்களை எங்கே வைக்கணும்?"

அலமாரியைப் பற்றிக் கேட்பதுபோல இருந்தது. அவனைச் சொல்லி என்ன? அவனுக்குத் தெரிந்த தமிழில் சாவு வரவில்லை.

பாரத்தில் இரண்டு கட்டங்கள். இங்கேயே எரித்துவிடுவது ஒன்று. பெட்டியில் வைத்து விமானத்தில் ஊருக்கு அனுப்புவது இன்னொன்று. என் மனைவியின் சாம்பலை அவள் தங்கை வந்து கொண்டுபோய்ப் பாண்டிச்சேரிக் கடலில் கரைத்துவிட்டாள், அங்கே கேள்வியே எழவில்லை. எனக்குத்தான் கேள்வி. நான் யோசித்தது ஒன்றே ஒன்று. இங்கே யாரும் வாய்விட்டு அழ மாட்டார்கள், கைக்குட்டையை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பார்கள். சரி, ஊருக்கே போய்க் கிடந்தால் அழுவதற்கு அங்கே யார் இருக்கிறார்கள்? பெற்றவர்கள் இல்லை. கூட்டாளிகளில் பாதிப் பேர் இல்லை, மீதிப் பேருக்கு என் முகம் மறந்திருக்கும். அரியக்குடியில் என் தங்கை பஞ்சவர்ணம் ஒருத்தி இருக்கிறாள். அவள் ஒருத்தி அழுவாள் என்றால் இரண்டாவது கட்டம், இல்லையென்றால் முதல் கட்டம். இதை அவளிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் பாரத்தை அருள் கணினியிலேயே விட்டு வைத்திருந்தேன்.

4

இந்த வருடம் கமீல் என்ற இயக்குநர் என்னைத் தேடி வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். அவள் படத்தில் பாண்டிச்சேரிப் பட்டாளத்திலிருந்து தப்பி ஓடும் ஒரு பிரெஞ்சுக்காரன் சிவகங்கைச் சீமைக்கு வந்து சேருகிறான். வெடிமருந்து, கோட்டை, காதல், வாள் எல்லாம் உண்டு. கண்டனூரில் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டும் திறக்கும் பெரிய வீடுகளில் ஒன்றைப் பேசி முடித்திருந்தாள். அந்தக் காலத்தில் இந்த மாதிரி வீடே கிடையாது என்று சொன்னேன். கேட்கவில்லை. அவர்கள் கேட்க மாட்டார்கள். உடைகளைப் பார்த்துக்கொள்ளவும் மொழிபெயர்க்கவும் என்னைக் கூட்டிப்போனாள்.

கதாநாயகனை ஒளித்து வைத்துக் காப்பாற்றிச் சாகும் ஒரு கிழவர் அதில் உண்டு. ஊரில் அவரைச் சேர்வை என்று கூப்பிடுவார்கள். அந்த வேடத்துக்குச் சென்னையிலிருந்து வர வேண்டியவருக்கு மஞ்சள் காமாலை. கமீல் என்னைப் பார்த்தாள். உங்களுக்குச் சாகத் தெரியுமே என்றாள்.

ஒப்புக்கொண்டேன். சொந்த ஊரில் கிடந்தால் எப்படி இருக்கும் என்று பார்த்துவிடலாம், அதிலிருந்தே கட்டத்துக்கு விடை வந்துவிடும் என்று எனக்குள் ஒரு கணக்கு.

அரியக்குடிக்குப் போய்ப் பஞ்சவர்ணத்திடம் சொன்னேன். அவளுக்கு எழுபது வயது. புருஷன் போய்விட்டார், பிள்ளைகள் திருப்பூரில். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"என்னண்ணே பேசுறீக? பொறந்த ஊருல, உசுரோட, நட்டநடு வீட்டுல படுத்துக்கிட்டு, பொம்பளைகளக் கூப்புட்டு அழுகச் சொல்லுவீகளா?"

"நடிப்புத்தானே தாயி. அங்க நாப்பத்து மூணு தடவ செத்திருக்கேன்."

"அங்க ஒங்களுக்கு ஆரு அழுதா?"

"ஒருத்தரும் அழல. தாண்டிக்கிட்டுப் போயிருவாக."

"அதான். அழுகாத சாவு கணக்குல வராது. ஒரு ஆளுக்கு ஒரு அழுகதாண்ணே. அத இப்பவே செலவழிச்சுப்புட்டு, நெசமாப் படுக்கையில எங்கிட்ட வந்து நிக்காதீக. நான் அழுக மாட்டேன்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. படப்பிடிப்பு அன்றைக்குக் கண்டனூர்ப் பக்கமே தலைவைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு மறுபடியும் கத்தியை எடுத்தாள். நான் கேட்க வந்த கேள்விக்கு, நான் கேட்காமலேயே, நிபந்தனையோடு பதில் வந்துவிட்டது. படித்தவன் இதற்கெல்லாம் பயப்படலாமா என்று பஸ்ஸில் வரும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

5

காட்சி நள்ளிரவில் நடக்கிறது, ஆனால் எடுத்தது உச்சி வெயிலில். இந்தப் படங்களில் அது சகஜம். பகலில் எடுத்து இரவாக்குவார்கள். வீட்டின் நடு வளவுக்கு, வானம் பார்த்த முற்றத்துக்கு, மேலே கறுப்புத் துணியை இழுத்துக் கட்டியிருந்தார்கள். வெளியே ஆடு மேய்கிற சத்தமும் பஸ் ஹாரனும் கேட்கின்றன, உள்ளே கும்மிருட்டு. இருபத்து நான்கு மரத்தூண்கள். சிறு வயதில் அதே வளவில் கல்யாணப் பந்திக்கு உட்கார்ந்திருக்கிறேன். இப்போது தூண்களுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரியவில்லை.

கலை இயக்குநர் எல்லாவற்றையும் தப்பாகச் செய்திருந்தார். தலையை வடக்கே வைத்திருந்தார். காலடியில் இரண்டு மெழுகுவர்த்தி. நெஞ்சின்மேல் கைகளைக் கோத்து, பக்கத்தில் வளையமாக ஒரு பூங்கொத்து. இதைப் பார்த்தால் நம் ஊர்க்காரன் சிரிப்பானே என்று எனக்குப் பொறுக்கவில்லை. தலையைத் தெற்கே மாற்றச் சொன்னேன். மெழுகுவர்த்தியை எடுத்துவிட்டுத் தலைமாட்டில் ஒற்றை விளக்கு, பக்கத்தில் ஒரு படி நெல். தாடையைச் சுற்றித் துணிக்கட்டு. கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்து ஒரு கட்டு. நெற்றியில் காசு. மேலே போர்த்தக் கோடித் துணி, ஊதுபத்தி. எண்ணினேன், பதினொரு தப்பைத் திருத்தியிருந்தேன். கமீலுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அழ வந்த பெண்கள் மட்டும் ஒவ்வொன்றாக மாற மாறப் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். தப்பாக இருந்தவரைக்கும் அது சினிமா என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அவர்கள் தேவகோட்டைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்த ஏழு பேர். மூத்தவள் காளியம்மா, வெற்றிலை போட்ட வாய், கனத்த குரல். இந்த வேலையில் பழகியவள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"தொரைமாரு தேசத்துலருந்து வந்து இங்க பொணமாப் படுக்குறீகளே, அங்க எடமில்லையா?"

மற்றவர்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதுதானே எனக்கும் தெரிய வேண்டியது.

பிறகு அவள் தொழில் பேசினாள். யாருக்கு அழுகிறோம் என்று தெரியாமல் அழ முடியாது, முறை வேண்டும் என்றாள். பெண்டாட்டி உண்டா, பிள்ளை உண்டா, கூடப் பிறந்தவள் உண்டா? கதைப்படி சேர்வைக்கு யாரும் கிடையாது, அப்படியே சொன்னேன். அவள் திரும்பித் தன் ஆட்களிடம், "கேட்டுக்கங்கடி. கூடப் பெறந்தவ இல்ல. எல்லாரும் ஐயான்னுதான் வைக்கணும். அண்ணேன்னு ஒருத்தியும் வாயெடுக்கப்படாது" என்றாள்.

ஒலிப்பதிவுப் பெண் ஏழு பேருடைய சேலையிலும் பொத்தான் அளவு மைக்கைக் குத்தினாள். அவர்கள் என்மேல் விழுந்து அழும்போது சத்தம் அருகில் கேட்க வேண்டும் என்று எட்டாவதாக ஒன்றை என் நெஞ்சில், கோடித் துணிக்கு அடியில் ஒட்டினாள்.

படுத்தேன். மூச்சை வெளியே விட்டேன். முழங்கையை ஒட்டினேன். கமீல் தொடங்கச் சொன்னாள்.

காளியம்மாவின் குரல் முதலில் எழுந்தது. எங்களை விட்டுப் போக உங்களுக்கு வழி யார் காட்டியது ஐயா என்று ஆரம்பித்தாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். மார்பில் அடிக்கும் சத்தம் தரை வழியாக என் முதுகுக்கு வந்தது. வெளிநாட்டில் நாற்பத்து மூன்று தடவையும் நான் கேட்காத சத்தம். கண் மூடியபடி எண்ண ஆரம்பித்தேன். கனத்த குரல் ஒன்று. கீச்சுக் குரல் இரண்டு. மூக்கால் அழுகிறவள் மூன்று. ஒவ்வொன்றாக ஏழு வந்தது.

அப்புறம் எட்டு.

அது அழுகை இல்லை. மற்ற குரல்களுக்கு அடியில், தாழ்வாக, என் இடது காதுக்குப் பக்கத்தில் பேசியது. "எந்திரிங்கண்ணே. இங்குட்டுக் கெடக்காதீக. எந்திரிச்சு வாங்க."

நான் எண்ணிக்கையைத் திரும்ப ஆரம்பித்தேன். லூசியன் சொல்லிக்கொடுத்தது அதுதான். ஏழு வந்தது, எட்டு வந்தது. மூச்சு படவில்லை, யாரும் குனிந்த நிழல் இமைக்குமேல் விழவில்லை. "எந்திரிங்கண்ணே."

எந்தப் படத்திலும் அசையாத நான் எழுந்து உட்கார்ந்தேன்.

காசு தரையில் உருண்டது. ஆறு பெண்கள் அலறிக்கொண்டு முகப்புக்கு ஓடினார்கள், ஒருத்தி நெல்படியைத் தட்டிவிட்டாள். நானும் இறங்கி ஓடத்தான் பார்த்தேன், பெருவிரல் கட்டு விடவில்லை. காளியம்மா மட்டும் நின்ற இடத்தில் நின்றாள்.

"அண்ணேன்னு யாரு கூப்புட்டா?" என்றேன்.

"அத நான் கேக்கணும்" என்றாள். "ஒங்கள ஆரு கூப்புட்டா? நாங்க ஏழு பேரும் ஐயான்னுதான் வச்சோம்."

அவளே குனிந்து கட்டை அவிழ்த்தாள். தலை முழுகாமல் எந்த வீட்டு வாசலும் ஏறக் கூடாது என்றாள். இன்னொரு முறை எடுக்கலாமா என்று கமீல் கேட்டாள். நான் அதை மொழிபெயர்ப்பதற்குள் அவர்கள் பஸ் நிறுத்தத்துக்கு நடக்க ஆரம்பித்திருந்தார்கள். எழுவதற்கு முன்வரை அருமையாக வந்திருக்கிறது, அது போதும் என்று கமீல் சொல்லிவிட்டாள்.

கிணற்றில் குளித்துவிட்டு மாலையில் அரியக்குடிக்குப் போனேன். பஞ்சவர்ணம் என் ஈரத் தலையைப் பார்த்தாள். சோறு போட்டாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தொண்டை கட்டியிருந்தது. சளி என்றாள்.

6

தொலைபேசி வந்த மறுநாள் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனேன். இரண்டு ரயில் மாறி, ஒரு பஸ். சுவர் முழுக்கப் பஞ்சு வைத்த அறை, அங்கே நம் குரலே நமக்குக் கேட்காது. அதே ஒலிப்பதிவுப் பெண் இருந்தாள். ஏழு மைக்குகளையும் ஒவ்வொன்றாகப் போட்டாள். ஒவ்வொன்றிலும் அந்தந்தப் பெண் மட்டும் முன்னால், மற்றவர்கள் தூரத்தில். எட்டாவது குரல் எதிலும் இல்லை.

பிறகு என் நெஞ்சில் இருந்ததைப் போட்டாள்.

என் மூச்சு கேட்டது. மறைத்துவிட்டேன் என்று நினைத்திருந்த மூச்சு. அதன்மேல் அந்தக் குரல் வந்தது, ஏழு பேரையும்விட அருகில். உங்கள் மேல் வாயை வைத்துப் பேசியிருக்கிறாள், யார் இந்த அம்மாள், அருமையான குரல் என்று அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு யாரென்று தெரிந்துவிட்டது. சிறு வயதிலிருந்து என்னை எழுப்பிய குரல்.

"பின்னால் ஒரு ரயில் போகிறது, அதை மட்டும் துடைத்துவிடலாம்" என்று அவள் அந்த இடத்தை மறுபடி போட்டுக் காட்டினாள். நீளமாக ஒரு சீழ்க்கை. கொஞ்சம் விட்டு இன்னொன்று.

அது ரயில் இல்லை. குக்கர் விசில். நாங்கள் படம் எடுத்த வீட்டில் அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை. எல்லாருக்கும் காரைக்குடி ஓட்டலிலிருந்து பொட்டலம் வந்தது, நான்தான் எண்ணி வாங்கினேன்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். என் பஸ் வந்து போனதைக் கவனிக்கவில்லை.

7

வீட்டுக்கு வந்து பஞ்சவர்ணத்தைக் கூப்பிட்டேன். சுகம் விசாரித்தாள், குளிருக்குக் காலுறை போட்டிருக்கீகளா என்றாள். நான் நேராகவே கேட்டேன், அன்றைக்குக் கண்டனூருக்கு வந்தாயா என்று.

"நான் எதுக்கு வாரேன்? சொன்னா சொன்னதுதான்."

"அன்னைக்கு மத்தியானம் என்ன செஞ்சுக்கிட்டிருந்த?"

"சோறாக்கிக்கிட்டிருந்தேன். ஏன்?"

அந்தக் குரல் சொன்னதை அவளிடம் வார்த்தை மாறாமல் சொன்னேன். விசில் சத்தத்தையும் சொன்னேன். இணைப்பு அறுந்துவிட்டதா என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"அது எப்படிண்ணே அங்க கேட்டுச்சு?" என்றாள். பயந்த குரல். எழுபது வயதுப் பெண்ணின் குரலாக இல்லை.

எனக்குத் தெரியாது என்றேன்.

பிறகு சொன்னாள். கூலிக்கு வந்தவர்கள் அழுதுவிடுவார்களே, என் அண்ணனுக்கு யாரோ அழ நான் சும்மா இருப்பதா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டதாம். அடுப்படியில் உட்கார்ந்து தானும் அழுதுவிடலாம் என்று வாயைத் திறந்தாளாம்.

"அழுகை வரலண்ணே. எந்திரிங்கன்னுதான் வந்துச்சு. தொண்ட கட்டுற மட்டும் அதையே சொன்னேன். எந்திரிச்சீகளா?"

"எந்திரிச்சேன்."

மூக்கை உறிஞ்சினாள். பிறகு அவளுக்குக் கோபம் வந்தது, அதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. "அந்த வெள்ளக்காரப் புள்ளைக தப்பாத்தானே வச்சிருந்துச்சுக. தப்பாவே கெடந்திருந்தா வெளையாட்டு. தெக்க தலைய வச்சு, வெரலக் கட்டி, ஒவ்வொண்ணாச் சரி பண்ணுனது நீங்க. எல்லாத்தையும் எண்ணுற ஆளுக்கு இது தெரியல." இதை அவளுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டேன். காளியம்மா சொல்லி ஊரே சிரிக்கிறது என்றாள்.

கம்பெனிக்கு அவள் கையெழுத்து வேண்டும் என்பதைச் சொன்னேன். அவள் எட்டாவதுவரை படித்தவள், பொய் எழுத மாட்டாள். குரல் பதிவான இடம் எது என்று கம்பெனியின் பாரத்தில் கேட்டிருந்ததற்கு, அரியக்குடி, என் வீட்டு அடுப்படி என்று எழுதச் சொன்னாள். அப்படியே எழுதி அனுப்பினேன். படப்பிடிப்பு இடத்தோடு ஒத்துப்போகவில்லை, ஆகவே குரலை நீக்கிவிட்டோம், சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று இரண்டு வரியில் பதில் வந்துவிட்டது. படத்தில் சேர்வைக்கு ஏழு பேர் அழுவார்கள். அது அவருக்குப் போதும்.

அன்றைக்குத் தொலைபேசியை வைப்பதற்கு முன், இத்தனை நாள் கேட்கத் தெரியாமல் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "அப்ப அந்த அழுக செலவாகிப் போச்சா, தாயி?"

"செலவாகல" என்றாள். "அது கூப்புட்டது. அழுதது இல்ல. ஒங்களுக்குள்ளது அப்படியேதான் இருக்கு."

அதோடு இன்னொன்றும் சொன்னாள். "அடுத்த தடவ கூப்புட மாட்டேண்ணே. படுத்துக்கங்க."

ஞாயிற்றுக்கிழமை அருளிடம் இரண்டாவது கட்டத்தில் அடையாளம் போடச் சொன்னேன். ஊர்ப் பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டான். ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தான், சரியாகத்தான் சொன்னான். அடுத்த வரியில், அங்கே யாருக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது, அத்தை நம்பர் சொல்லுங்கள் என்றான்.

சொன்னேன். குறித்து வைத்துக்கொள், ஆனால் அந்த நேரத்தில் அவசரப்பட்டு அடிக்க வேண்டியதில்லை, அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும் என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு குனிந்து எண்ணை எழுதிக்கொண்டான்.